மீந்த சாம்பாரை எந்த அளவில் ஃப்ரீசரில் வைப்பது?

அரைப்படி · ஏப்ரல் 4, காலை 7.20

வீட்டில் மூணு பேர். குக்கரில் பருப்பு வைத்தால் எப்படியும் ஒரு லிட்டர் சாம்பார் ஆகிவிடுகிறது. பாதி மீந்து, மூணு நாள் ஃப்ரிட்ஜில் இருந்து, நாலாம் நாள் சிங்க்கில் போகிறது. பெரிய டப்பாவோடு ஃப்ரீசரில் வைத்தால் ஒரே பாறை. ஒரு கரண்டி வேணும் என்றாலும் முழுசையும் உருக்க வேண்டும். எந்த டப்பா, எவ்வளவு அளவு, எதை வைக்கவே கூடாது? கிராம், மி.லி. கணக்கில் சொல்லுங்கள். "தேவையான அளவு" வேண்டாம்.

கல்சட்டி · ஏப்ரல் 4, காலை 8.05

அளவு அப்புறம், முதலில் நேரம். மீந்த பிறகு எடுத்து வைப்பதே தாமதம்தான். அடுப்பை அணைத்ததும், பரிமாறும் கரண்டி உள்ளே போவதற்கு முன்பே, மீந்துபோகும் என்று தெரிகிற பங்கைச் சுத்தமான கரண்டியால் தனியே எடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மேஜையில் எச்சில் கை பட்டு, மூன்று மணி நேரம் திறந்து கிடந்ததை ஃப்ரீசர் சுத்தப்படுத்தாது. மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகுவது நிற்கும், சாவதில்லை. எந்த நிலையில் உள்ளே போனதோ அதே நிலையில்தான் வெளியே வரும்.

சாம்பார் சோற்றுக்கு ஆளுக்கு 150 மி.லி., இட்லிக்குத் தொட்டுக்கொள்ள 100. உங்கள் மூன்று பேருக்கு 450 என்று ஒரே பொட்டலமாகக் கட்டாதீர்கள். 300 ஒன்று, 150 ஒன்று. இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருக்கும் நாளில் 300 போதும், எல்லோரும் இருந்தால் இரண்டையும் எடுக்கலாம்.

ஜிப் கவர் இருந்தால் 18க்கு 20 செ.மீ. அளவில் வாங்குங்கள். 300 மி.லி. ஊற்றி, காற்றைத் தள்ளி மூடி, எவர்சில்வர் தட்டில் படுக்க வைத்தால் ஒரு செ.மீ. தடிமன்கூட வராது. மூன்று நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். பிறகு புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம். எடுத்த அன்று கவரோடு ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டால் ஓரம் விட்டுவிடும், அப்படியே கடாயில் தட்டிச் சூடாக்கலாம். டப்பாவில் ஆறு செ.மீ. கட்டியாக வைத்தது நடுவரை உறைய ராத்திரி முழுவதும் ஆகும். தடிமன் இரட்டித்தால் நேரம் இரட்டிப்புக்கும் மேலே போகும்.

ஈயச்சொம்பு · ஏப்ரல் 4, காலை 9.40

இவ்வளவு கவரும் தட்டும் எதற்கு? சோறு மீந்தால் தண்ணீர் ஊற்றிப் பழையது. குழம்பு மீந்தால் கல்சட்டியில் ஊற்றிச் சுண்ட வைத்தால் மறுநாள் பழையதுக்குச் சுண்டக்குழம்பு. சோறு ரொம்ப மீந்தால் சீரகம், உப்பு, பச்சை மிளகாய் போட்டு அரைத்து வடகம். சித்திரை வெயில் வரப்போகிறது. மொட்டை மாடியே பெரிய ஃப்ரீசர்தான்.

கல்சட்டி · ஏப்ரல் 4, காலை 10.15

மறுக்கவில்லை. ஒரு நாளுக்குப் பழையதுதான் நல்ல வழி. ஆனால் மூன்று வாரத்துக்கு அது உதவாது. பழையதிலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மதியச் சோறு சாயங்காலம் வரை சட்டியில் உலர்ந்து கிடந்து, அப்புறம் தண்ணீர் ஊற்றினால் புளிப்பு ஏறுமுன் வேறொன்று ஏறியிருக்கும்.

சோற்றை மட்டும் அலட்சியமாக விடக்கூடாது. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால் "நல்லா கொதிக்க வச்சுட்டேன், ஒன்னும் ஆகாது" என்பது சோற்றுக்குப் பொருந்தாது.

சமைத்த உணவு வெளியே இருக்கலாம் என்று சொல்லும் நேரம் இரண்டு மணி. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிதான். ஏப்ரலில் நம் சமையலறைக்கு அந்த ஒரு மணிக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

அரைப்படி · ஏப்ரல் 4, மதியம் 1.30

ஒரு மணிக்குள் ஆறவே ஆறாதே. சூடாகவே உள்ளே வைத்துவிடலாமா?

கம்ப்ரஸர் · ஏப்ரல் 4, மதியம் 2.10

வேண்டாம். சூடான பாத்திரம் உள்ளே போனால் பக்கத்தில் ஏற்கெனவே உறைந்து இருப்பதன் மேல்தோல் இளகும், திரும்ப உறையும். ஐஸ் படிவதும் கூடும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசருக்கு ஒரு தடவைக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் முக்கால் கிலோ புதுச் சரக்கு போதும். அதற்கு மேல் என்றால் பாதியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்வித்து, மறுநாள் மேலே மாற்றுங்கள்.

கல்சட்டி · ஏப்ரல் 4, மதியம் 2.45

ஆற வைக்கும் முறை இதோ. அகலமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தவலையிலோ பக்கெட்டிலோ இறக்கி, வெளித்தண்ணீரில் ஐஸ் கட்டி ஒரு டிரே போட்டு, உள்ளே கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு லிட்டர் சாம்பார் 20 நிமிடத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். கிளறாமல் விட்டால் ஓரம் ஆறும், நடு ஆறாது. பருப்பு கெட்டியாக இருப்பதால் சூட்டைப் பிடித்துக்கொள்ளும். சோற்றுக்குத் தண்ணீர் வேண்டாம். தாம்பாளத்தில் இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்தால் 15 நிமிடம்.

கல்சட்டி · ஏப்ரல் 5, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். காற்றைத் தள்ளி மூடச் சொன்னேன். அது கவருக்கு மட்டும். டப்பாவில் விளிம்புவரை ஊற்றினால் மூடி பிய்யும், கண்ணாடியாக இருந்தால் விரிசல் விடும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும். நீர்ப்பாங்கான எதற்கும் டப்பாவில் மேலே இரண்டு விரல் இடம் விட வேண்டும். வாய் குறுகிய பாட்டில் எதுவும் ஃப்ரீசருக்கு ஆகாது.

கவரில் காற்று ஏன் கூடாது என்றால், ஃப்ரீசர் காற்று வறண்டது. உணவின் மேல் இருக்கும் ஐஸ் உருகாமலேயே ஆவியாகிக் கவரின் உள்சுவரில் பனித்தூளாகப் படியும். மட்டனிலும் சப்பாத்தியிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற வறண்ட திட்டு அதுதான். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, சக்கை மாதிரி இருக்கும்.

இட்லிப்பானை · ஏப்ரல் 5, காலை 11.00

கவர் வாங்கி மாளாது. எங்களிடம் இருக்கிற எவர்சில்வர் டப்பாவே போதும். ஆனால் டப்பா எல்லாம் ஃப்ரீசரில் மாட்டிக்கொண்டால் சமையலுக்கு டப்பா இருக்காது. அதற்கு ஒரு வழி. டப்பாவில் 300 மி.லி. ஊற்றி உறைய விடுங்கள். மறுநாள் டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் குழாய்த் தண்ணீரை அரை நிமிடம் விட்டால் கட்டி கழன்று விழும். அந்தக் கட்டிகளை மொத்தமாக ஒரு பெரிய கவரில் போட்டு உள்ளே வையுங்கள். டப்பா கைக்கு வந்துவிடும். நாலு கட்டிக்கு ஒரே கவர்.

எவர்சில்வர் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் குளிரும். மூடி இறுகிக்கொள்ளும், அது ஒன்றுதான் தொல்லை. ஈரமில்லாமல் துடைத்து மூடினால் அதுவும் குறையும்.

கல்சட்டி · ஏப்ரல் 5, காலை 11.20

இது என் தட்டு முறையைவிட நல்லது, குழம்புக்கு. வாயகலமான டப்பாவாக எடுத்து, கட்டி மூன்று செ.மீ.க்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுது வகைகளுக்கு இன்னும் கவர்தான் என் கட்சி. இஞ்சி பூண்டு விழுதைக் கவரில் அரை செ.மீ. தடிமனுக்குப் பரப்பி, வெளியிலிருந்து கரண்டிக் காம்பால் கட்டம் கட்டமாகக் கோடு அழுத்திவிட்டு உறைய வையுங்கள். தேவைப்படும்போது கோட்டோடு ஒடித்துக்கொள்ளலாம். ஒரு கட்டம் ஒரு டீஸ்பூன் என்று முதலிலேயே அளந்து கோடு போட்டால் பிறகு அளக்க வேண்டாம். விழுது சில நேரம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பூண்டின் கந்தகப் பொருள்கள் செய்யும் வேலை அது, கெட்டுப்போகவில்லை.

அரைத்த பூண்டில் எண்ணெய் ஊற்றி வெளியே அலமாரியில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நஞ்சு உண்டாகலாம். மணமோ நிறமோ மாறாது, கண்டுபிடிக்க முடியாது.

அரைப்படி · ஏப்ரல் 6, காலை 7.00

சரி. சாம்பாரைத் தவிர மற்றது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எதை வைக்கலாம், எதை வைத்தால் வீண்?

கல்சட்டி · ஏப்ரல் 6, காலை 8.30

சாம்பாரில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் காய்தான் பிரச்சினை. உருளைக்கிழங்கு மணல் மணலாகிவிடும். முள்ளங்கி பஞ்சாகும். முருங்கைக்காயில் சதை கரைந்து நார் மட்டும் மிஞ்சும். கத்தரிக்காய் கரையும், குழம்போடு கலந்துவிடுவதால் தெரியாது. பூசணி, சின்ன வெங்காயம், கேரட் தாங்கும். எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே. மெதுவாக உறையும்போது பெரிய ஐஸ் படிகம் உண்டாகிக் காயின் உயிரணுச் சுவரைக் கிழிக்கிறது, உருகும்போது நீர் வெளியே ஓடிவிடுகிறது. வேகமாக உறைய வைக்கும் முறையைத் தொழிலாக்கிய அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸை, 1910களில் இன்றைய கனடாவின் லாப்ரடாரில் இதன் மறுபக்கத்தைக் கவனித்தார். அங்கே மைனஸ் 40 குளிரில் பிடித்த கணமே உறைந்த மீன், மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதிது போல இருந்தது. அந்தக் குளிர் நம் ஃப்ரீசரில் கிடைக்காது. நம் கையில் இருப்பது தடிமனைக் குறைப்பது ஒன்றுதான்.

எனவே சாம்பாரையே வைப்பதைவிடப் பருப்பை வையுங்கள். துவரம் பருப்பை மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவைத்து, மசித்து, ஒரு கப் ஒரு கப்பாக. மூன்று பேருக்கு ஒரு கப் மசித்த பருப்பு சரியாக இருக்கும். உப்பும் புளியும் வேண்டாம். அன்றைக்குக் கிடைத்த காயை வேகவைத்து, இந்தக் கட்டியைப் போட்டால் 15 நிமிடத்தில் சாம்பார். அதே கட்டி கூட்டுக்கும் ரசத்துக்கும் கீரை மசியலுக்கும் ஆகும். சாம்பாராக வைத்தால் சாம்பார் மட்டும்தான்.

ஏற்கெனவே தாளித்த சாம்பார் என்றால் பெருங்காயமும் கொத்தமல்லியும் மணம் இழந்திருக்கும். சூடாக்கியபின் அரை டீஸ்பூன் நெய்யில் கடுகு, பெருங்காயம் மறுபடி தாளித்துக் கொட்டுங்கள்.

ரசம்: வைக்கலாம், வைப்பதில் பயன் இல்லை. ரசத்தின் உயிரே மேலே நிற்கும் மணம்தான்.

புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு: தாராளமாக. எண்ணெயும் உப்பும் புளியும் நிறைய இருப்பதால் கல்லாக இறுகாது, ஸ்பூனால் சுரண்டி எடுக்கலாம்.

மோர்க்குழம்பு, தயிர்ப் பச்சடி, தயிர் சாதம்: வேண்டாம். தயிர் திரிந்து நீர் வேறு, திப்பி வேறாகும்.

தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, குருமா: பிரியும், ஆனால் சூடாக்கும்போது கரண்டியால் நன்றாக அடித்தால் சேரும். முந்திரியும் கசகசாவும் அரைத்த குருமா பிரிவது குறைவு. மைதா, சோள மாவு கரைத்த சூப் நீர்விடும்.

பொரியல்: நீர் கோத்துக்கொள்ளும். முட்டைக்கோஸ், பீன்ஸ் பொரியல் மீந்தால் அன்று ராத்திரியே சப்பாத்திக்குள் வைத்து முடித்துவிடுங்கள்.

அசைவம்: மட்டன், கோழி குழம்பு நன்றாகத் தாங்கும், மூன்று மாதம்வரை. மீன் குழம்பில் மீன் உடையும். குழம்பை மட்டும் வைத்து, புது மீனைப் போட்டுக் கொதிக்கவிடுவது மேல். அவித்த முட்டை கூடவே கூடாது, வெள்ளைக்கரு ரப்பராகும். பிரியாணியை வைக்கும் முன் முட்டையையும் உருளைக்கிழங்கையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஈயச்சொம்பு · ஏப்ரல் 6, காலை 9.15

கீரையை இரண்டாம் தடவை சூடாக்கவே கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். மீந்த மசியலை ஃப்ரீசரில் வைக்கலாமா?

கல்சட்டி · ஏப்ரல் 6, காலை 9.50

அந்தப் பேச்சில் காரணம் இருக்கிறது. கீரையில் நைட்ரேட் அதிகம். மசியல் அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் பாக்டீரியா அதை உடம்புக்கு ஆகாத நைட்ரைட்டாக மாற்றும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் "இரண்டாம் தடவை" என்றாலே வெளியே கிடந்தது என்றுதான் பொருள். சமைத்த கையோடு ஆற வைத்து உடனே உறைய வைத்தால் அந்த மாற்றம் நடப்பதில்லை. ஒரே தடவை உருக்கி, ஒரே தடவை கொதிக்கவிட்டு, மீதம் இல்லாமல் சாப்பிடுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் அன்றன்று சமைத்ததே கொடுங்கள்.

இட்லிப்பானை · ஏப்ரல் 6, இரவு 8.40

மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. புளித்த மாவை உறைய வைத்தால் இட்லி தட்டையாகிறது. ஏன்?

கல்சட்டி · ஏப்ரல் 7, காலை 6.30

மாவை உப்ப வைப்பது பெரும்பாலும் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் காற்று. உறையும்போது அந்தக் குமிழ் உடைந்து வெளியேறும், பாக்டீரியாவிலும் ஒரு பங்கு செத்துப்போகும். உருகிய மாவு புளிப்பாக இருக்கும், உப்பலாக இருக்காது. ஊத்தப்பத்துக்கும் தோசைக்கும் சரி. வைப்பதானால் புளித்த அன்றே, கலக்காமல், அரை லிட்டராக. எடுக்கும்போது ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் உருகவிட்டு, ஒரு மணி நேரம் வெளியே வைத்து வார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட இட்லியையே வையுங்கள். வார்த்து, முழுதும் ஆறவிட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில். இறுகியதும் ஆறு ஆறாகக் கவரில். உருக்காமல் அப்படியே இட்லித் தட்டில் வைத்து, தண்ணீர் கொதித்தபின் 8 முதல் 10 நிமிடம் ஆவி காட்டினால் புதிது போல இருக்கும். ஒரு மாதம் தாங்கும். இடியாப்பமும் அப்படியே, 5 நிமிட ஆவி போதும். வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளில் உறைந்த இடியாப்பமும் பரோட்டாவும் தேங்காய்த் துருவலும் விற்பதே இவை நன்றாகத் தாங்குவதால்தான். தோசை வேண்டாம், தோல் மாதிரி ஆகும். சப்பாத்தியை இரண்டு பக்கமும் அரை வேக்காடு மட்டும் போட்டு, ஆறவைத்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்.

அரைப்படி · ஏப்ரல் 7, காலை 7.45

சோறு? ஃப்ரிட்ஜில் வைத்தால் விரைத்து அரிசி மாதிரி ஆகிறதே. ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் மோசமாகாதா?

கல்சட்டி · ஏப்ரல் 7, காலை 8.20

இல்லை, நேர்மாறு. வெந்த அரிசியில் இளகிய மாவுச்சத்து திரும்ப இறுகுவது ஃப்ரிட்ஜின் 0 முதல் 4 டிகிரியில்தான் மிக வேகம். மைனஸ் 18-க்குப் போனால் அது கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே சோற்றை அந்த நடு வெப்பத்தில் தங்கவிடாமல் சீக்கிரம் தாண்ட வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் விரைத்த சோற்றை மூன்றாம் நாள் ஃப்ரீசருக்கு ஏற்றுவதில் ஒரு பயனும் இல்லை.

ஆளுக்கு 200 கிராம், கவரில் அழுத்தாமல் இரண்டு செ.மீ. தடிமன். வெதுவெதுப்பு லேசாக இருக்கும்போதே கவரை மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். ஆறிய பிறகு ஃப்ரீசருக்கு. எடுத்ததும் பீங்கான் கிண்ணத்தில் தட்டி, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, 800 வாட் மைக்ரோவேவில் இரண்டரை முதல் மூன்று நிமிடம். நடுவில் ஒருமுறை உதிர்த்துவிடுங்கள். மைக்ரோவேவ் இல்லை என்றால் இட்லிப் பானையில் துணி போட்டு 10 நிமிடம். புழுங்கலரிசி உதிராகவே வரும், பச்சரிசி கொஞ்சம் உடையும். உடைந்ததைத் தயிர் சாதமாகவோ பொங்கலாகவோ திருப்பிவிடலாம்.

கம்ப்ரஸர் · ஏப்ரல் 7, மாலை 6.00

எல்லோரும் மைனஸ் 18 என்று எழுதுகிறீர்கள். உங்கள் ஃப்ரீசர் அந்த இடத்துக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஃப்ரீசர் அறைக்குத் தனி நட்சத்திரக் குறி உண்டு. ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. கதவில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திர ஸ்டிக்கர் வேறு, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் கிடைக்கும் சின்னத் தெர்மாமீட்டரை நடுவில் ஒரு ராத்திரி வைத்தால் தெரிந்துவிடும். அது இல்லை என்றால் ஐஸ்கிரீமைப் பாருங்கள். கரண்டி சுலபமாக இறங்கினால் உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18 இல்லை. அப்போது மேலே சொன்ன மாதக் கணக்கையெல்லாம் வாரக் கணக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்காரர்களுக்கு ஒன்று. ஃப்ரீசரின் அலுமினியச் சுவருக்குள்ளேயேதான் குளிர்விக்கும் கேஸ் ஓடுகிறது. ஐஸில் டப்பா ஒட்டிக்கொண்டால் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்பாதீர்கள். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கேஸ் போய்விடும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து டப்பாமேல் இரண்டு நிமிடம் போட்டால் தானே விடும். ஐஸ் அரை செ.மீ. கனத்தாலே டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்க வேண்டும். அன்றைக்கு உள்ளே இருக்கும் பொட்டலங்களைச் செய்தித்தாளில் நெருக்கமாகச் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள்.

அரைப்படி · ஏப்ரல் 7, மாலை 6.25

கரண்ட் போனால்?

கம்ப்ரஸர் · ஏப்ரல் 7, மாலை 6.40

கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த தனி ஃப்ரீசர் சுமார் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி தாங்கும். சிங்கிள் டோரின் சின்ன அறைக்கு இந்தக் கணக்கை நம்பாதீர்கள், நன்றாகக் குறையும். காலி இடத்தில் தண்ணீர்ப் பொட்டலம் உறைய வைத்து அடைத்தால் நேரம் கூடும்.

ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. அடியில் உறைந்து கிடந்தால் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

கல்சட்டி · ஏப்ரல் 8, காலை 7.10

முதல் கேள்வியில் ஒன்று விட்டுப்போனது, திரும்ப உறைய வைப்பது. ஃப்ரிட்ஜுக்குள் உருகி, இன்னும் குளிர்ச்சியாகவே இருப்பதைத் திரும்ப வைக்கலாம். ஆபத்தில்லை, பக்குவம் கெடும். மேடையில் உருகியதை, மைக்ரோவேவில் உருக்கியதை வைக்காதீர்கள். மேடையில் வெளிப்பக்கம் 30 டிகிரிக்கு வந்தபின்னும் நடுவில் ஐஸ் இருக்கும், ஆகவே "இன்னும் கட்டியாத்தானே இருக்கு" என்பது கணக்கில்லை. சூடாக்குவதும் ஓரம் கொதித்தால் போதாது. நடுவில் 74 டிகிரி வர வேண்டும். குழம்புக்கு, முழுதும் தளதளவென்று கொதித்து இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு சரியாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. 150 மி.லி. பொட்டலத்தில் திரும்ப உறைய வைக்க என்ன மிஞ்சப்போகிறது?

ஈயச்சொம்பு · ஏப்ரல் 8, காலை 10.30

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையில் இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாகப் போட்டிருக்கிறார்கள். மூணு பேர் வீட்டுக்கு 165 கிலோ. என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் இதில் பாதி, சமைத்த மிச்சமாக இருக்காது. வாங்கி வாடவிட்ட காய்தான்.

கல்சட்டி · ஏப்ரல் 8, காலை 11.15

அந்த 55-இல் தோல், எலும்பு, கொட்டையும் சேர்த்தி, அதனால் முழுசையும் மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் வாடும் சரக்கைப் பற்றிச் சொன்னது நியாயம்.

பீன்ஸ் நறுக்கிக் கொதிநீரில் 3 நிமிடம், பொடிக் கேரட் 2 நிமிடம், பட்டாணி ஒன்றரை. உடனே ஐஸ் தண்ணீரில் அதே நேரம், வடித்து, துணியில் ஒற்றி, 150 கிராமாக. கொதிநீர் காட்டாமல் வைத்தால் காயின் நொதிகள் குளிரிலும் வேலை செய்து, இரண்டு மாதத்தில் வைக்கோல் வாசம் வரும்.

மீதித் தேங்காய் மூடியை அன்றே துருவிக் கால் கப் கால் கப்பாக. பழுப்புத் தோல் சேராமல் துருவினால் வெள்ளையாக இருக்கும். சட்னிக்கு எடுக்கும்போது குளிர்ச்சியோடு மிக்ஸியில் போடாதீர்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்து நிற்கும், சட்னி மெழுகுத் துணுக்காக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அதே தண்ணீரோடு அரையுங்கள்.

கறிவேப்பிலையைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, டப்பாவில். எடுத்து வெளியே வைத்தால் கறுக்கும், நேராக எண்ணெயில் போட வேண்டும். ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும், ஆகவே உலர்த்துவதில் அவசரம் கூடாது. புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, புதினா விழுது மூன்றும் ஐஸ் டிரேயில். பூண்டு போட்ட டிரேயைத் தண்ணீருக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், ஐஸ் முழுக்க வாசம் ஏறும்.

அரைப்படி · ஏப்ரல் 10, இரவு 9.00

பருப்பு ஒரு கப் நாலு கட்டி, இட்லி ஆறு ஆறாக மூணு கவர், வத்தக்குழம்பு 100 மி.லி. ரெண்டு, தேங்காய் கால் கப் எட்டு. உள்ளே போயாச்சு. எல்லாமே வெள்ளையாகத் தெரிகிறது. இட்லியும் தேங்காயும் மட்டும்தான் அடையாளம் தெரிகிறது.

இட்லிப்பானை · ஏப்ரல் 10, இரவு 9.20

எழுதி ஒட்டாமல் உள்ளே வைக்கவே கூடாது. மாஸ்கிங் டேப்பைக் காய்ந்த கவரில், உணவு ஊற்றுவதற்கு முன்பே ஒட்ட வேண்டும். உறைந்தபின் ஒட்டினால் நிற்காது. பெர்மனென்ட் மார்க்கர்; பால்பாயின்ட் பேனா குளிர்ந்த பிளாஸ்டிக்கில் எழுதாது. பெயர், தேதி, எத்தனை பேருக்கு, உப்பு போட்டதா இல்லையா. கடைசியதுதான் அதிகம் விட்டுப்போவது, பருப்பில் இரண்டு தடவை உப்பு விழுவது அதனால்தான்.

கல்சட்டி · ஏப்ரல் 11, காலை 6.40

கதவில் ஒரு தாளையும் ஒட்டிவிடுங்கள். "பருப்பு | | | |" என்று கோடு போட்டு, ஒன்று எடுத்தால் ஒரு கோட்டை அடியுங்கள். கதவைத் திறந்து தேடும் நேரமும் மிச்சம். புதிதாக வைப்பது பின்வரிசையில், பழையது முன்னால். இட்லி ஒரு மாதம், பருப்பு மூன்று மாதம், வத்தக்குழம்பு மூன்று மாதம், தேங்காய் இரண்டு மாதம், பிறகு காறல் அடிக்கும்.

வத்தக்குழம்பில் ஒரு சந்தேகம். அதில் அப்பளம் பொரித்துப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், களியாகிவிடும். சுண்டைக்காய் வற்றல் இருக்கட்டும்.